இடிக்கப்போகிற வீடு

சிங்கப்பெருமாள் கோயில்
12.08.2024

அன்புள்ள தங்கை அன்பரசிக்கு,

உன் வீடு இடிபடப்போவதில்லை. ரிங் ரோடு நாற்பது அடி மேற்கே தள்ளிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நிலமெடுப்பு ஆபீசில் புது வரைபடத்தை என் கண்ணால் பார்த்தேன். இடிக்காத வீட்டுக்கு நஷ்டஈடும் கிடையாது. பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. “அண்ணன் பேச வுடாது, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பட்டும்” என்று மாப்பிள்ளை பூபாலனிடம் சொல்லிவிட்டாயாம். சரி, எழுதுகிறேன். செங்கல் சூளையில் கல் சுமந்த காலத்தில் அம்மாவுக்கு எழுதியது. அதற்கப்புறம் செங்கல் கடை பில் புத்தகம்தான்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசி. ரோட்டை ஒட்டி ஐந்து சென்ட் யாருக்குக் கிடைக்கும்? ஒரு டீக்கடை போட்டாலே போதும். பொங்கலுக்குள் ரோடு முடிந்துவிடுமாம், பொங்கல் வரை பொறு. சஹானா பிளஸ் டூ, பெண்ணின் படிப்பில் குறை வைக்காதே.

உன் அண்ணன்
முத்துசாமி


திருக்கழுக்குன்றம்
20.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நிலமெடுப்பு ஆட்கள் வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதிய 114-ஐ தபால்காரர் கதவு எண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷமாக நானும் திருத்தவில்லை.

2018-ல் நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “காலி மனைக்கு இன்னா குடுப்பான்? கட்டடம் இருந்தா அதுக்குத் தனி டப்பு. வூடு மாதிரி ஒண்ணு எழுப்பிடு. ஆறே மாசம், ரோட்டுக்காரனே இடிச்சிட்டுக் காசு குடுப்பான்.” என் நகையெல்லாம் அதில்தான் போனது. கிழக்குச் சுவரில் ஜன்னல் கேட்டேன். “இடிக்கிறவனுக்குக் காத்து எதுக்கு?” என்றீர்கள். நானும் சிரித்தேன்.

நகைக்கடன் வட்டியும் வாடகையும் சேர்ந்து கட்ட முடியாமல் இதிலேயே குடிவந்தோம். ஆறு மாசம்தானே என்றுதான் வந்தோம். முதலில் தேர்தல் என்றார்கள், அப்புறம் கொரோனா. அப்புறம் காண்ட்ராக்டர் வேலையை விட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஏரி மண் எடுக்க அனுமதி வரவில்லை. இரண்டு தரம் சாமான் கட்டினேன். “இன்னாமா, இன்னும் காலி பண்லியா? நாளைக்கு வண்டி வருது” என்று சூப்பர்வைசர் வந்து கத்துவார். வண்டி வராது. போன வாரம் அதே ஆள், “நீ பாட்டுக்கு இரும்மா, ரோடு அந்தாண்ட பூடுச்சு” என்கிறார்.

டீக்கடை யோசனைக்கு நன்றி. ரோடு இருபது அடி மேட்டில் போகிறது. வண்டிக்காரர் டீ குடிக்க என் கூரைமேல் குதிப்பாரா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

அன்பரசி


சிங்கப்பெருமாள் கோயில்
15.10.2024

அன்புள்ள அன்பரசிக்கு,

அந்த இடத்தை விற்றுவிடலாம் என்று உனக்குச் சொல்லாமலே ஒரு ஆளைப் பிடித்தேன். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர். வில்லங்கம் போட்டுப் பார்த்தார், போய்விட்டார். நிலம் இன்னும் ரோட்டுக்கு எடுக்கிற பட்டியலிலேயே இருக்கிறது. அது இருக்கும்வரை விற்க முடியாது. பேங்கில் வைக்கவும் முடியாது.

ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் சொல்கிறார், “எடுக்கிறோம்னு ஆர்டர் போட ஒரு நாள் போதும் சார். எடுக்கலைன்னு ஆர்டர் போட மேல போய் வரணும்.”

“எத்தினி நாள் ஆவும்?”

“ரோடு முடியட்டும்.”

“ரோடு எப்ப முடியும்?”

“அது வேற செக்‌ஷன்.”

முப்பது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறேன். வாங்குகிறவன், விற்கிறவன், ஏமாற்றுகிறவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. இல்லை என்றுகூடச் சொல்லாதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று தெரியவில்லை. இதை உன்னிடம்தான் சொல்கிறேன், உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் கூரைக்குத் தார்ப்பாய் அனுப்புகிறேன்.

முத்துசாமி


அரசுப் பள்ளி முகாம்
திருக்கழுக்குன்றம்
04.12.2024

அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். வீட்டில் இடுப்பளவு தண்ணீர். முன்பெல்லாம் மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கி ஏரிக்குப் போய்விடும். இப்போது ரோட்டு மேடு அணை மாதிரி நிற்கிறது. தண்ணீர் போகக் குழாய் பதித்திருக்கிறார்கள். வேலை முடியவில்லை என்று அதன் வாயை மண்மூட்டையால் அடைத்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்னால், எடுக்க உத்தரவில்லையாம்.

கிழக்குச் சுவர் விழுந்துவிட்டது. சஹானா ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தாள். பிட்டு மாதிரி உதிர்ந்தது. “மாமா கடைக் கல்லாமா இது?” என்று கேட்டாள். கடைக்கு வந்த கல் வேறு, நீங்கள் எங்களுக்கு அனுப்பிய, சூளையில் கழித்துப்போட்ட கல் வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இடிக்கிற வீட்டுக்கு நல்ல கல் எதற்கு என்று நானும்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் படுத்தவள் என் பெண். விழுந்தபோது அவள் பக்கத்துத் தெருவில் இருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

பணம் அனுப்ப வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம். கடைக்கு மேலே நீங்கள் கட்டிக் குடியிருக்கிற மாடி வீடு எனக்கு வேண்டும். அது முதல் தரக் கல். வரிசை வரிசையாக நீங்கள் தட்டிப் பார்த்து வைத்ததை நான் கூட நின்று பார்த்தேன். பதிலுக்கு 114-க்கு நீங்கள் போங்கள். பொங்கல் வரை பொறு என்றீர்களே, அதை அங்கே இருந்து பொறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. இனி எனக்கு யோசனை சொல்லாதீர்கள்.

அன்பரசி


சிங்கப்பெருமாள் கோயில்
20.12.2024

அன்பரசிக்கு,

நேற்று 114-க்குப் போய்வந்தேன். நீங்கள் முகாமில் இருந்தீர்கள். தண்ணீர் வடிந்திருந்தது. விழுந்த சுவர் வழியாகவே உள்ளே போனேன். சஹானாவின் பாயைச் சுருட்டி அலமாரிமேல் வைத்திருந்தாய். தரையில் அவள் படுக்கிற இடம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சுவரிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. அளந்து பார்த்தேன். நான் எதையும் அளக்கிறவன், உனக்குத் தெரியும்.

உன் அண்ணி நேற்றுக் காலை பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தாள். “ஆறு மாசத்துக்கா, ஆறு வருஷத்துக்கா, அத்த மட்டும் சொல்லிடுய்யா” என்றாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பேரம் பேசவில்லை. நீ கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையும் நீயும் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அனுப்புங்கள்.

கடைக்கு மேலுள்ள மாடி வீடு தை ஏழாம் தேதி அன்பரசி பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகும், செலவு என்னுடையது. 114 அவள் பெயரிலேயே இருக்கும், நாளைக்கு நஷ்டஈடு வந்தாலும் அது அவளுக்கே. நானும் என் மனைவியும் அங்கே வாடகைக்கு இருப்போம். வாடகை மாதம் நாலாயிரம், ஐந்தாம் தேதிக்குள். ரோடு முடியும்வரை காலி செய்வதில்லை. யோசனை சொல்வதில்லை. கிழக்குச் சுவரை முதல் தரக் கல்லில் ஜன்னலோடு எழுப்பித் தருவது குடியிருப்பவர் பொறுப்பு.

முத்துசாமி