நீ முறித்த மணிக்கட்டு

இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது குசினிப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது. உன்னுடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் விருந்துக்குப் பலகாரம் செய்ய, மூத்த மகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அரிசி இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். நீ மௌத்தாகிக் கண்மூடிய நாளிலிருந்து அந்த உலக்கை கதவுக்குப் பின்னால் சும்மா நின்றது. அதன் இரும்புப் பூண் உரலில் விழ விழ, என் வலது மணிக்கட்டு விண் விண் என்று தெறித்தது. மாரி மழைக்கு வலிக்கும் கைதான். ஆனால் இன்று வெயில்.

உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்த மனைவிக்கு எதற்குக் கடிதம்? வாயால் சொல்லவேண்டியதையும் சொல்லாமல் விட்டவன் நான். இப்போது விருந்து கலைந்து சஹன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இடது கையால் காகிதத்தை அமர்த்திக்கொண்டு இந்தக் கோணல் கையால் எழுதுகிறேன்.

வயல்காரருக்கு நான் வட்டை விதானை, வயல்வெளியில் தண்ணீர் முறை பார்ப்பவன். உனக்கு நான் காட்டியது அந்த வேலையின் விசாரணையைத்தான். ஒருவன் வயலில் தண்ணீர் வற்றினால் எங்கோ ஒருவன் வரம்பை வெட்டியிருக்கிறான். அந்த ஒருவனைப் பிடிப்பதுதான் என் வேலை. மண்வெட்டியோடு பாய்ந்து வந்தவர்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன். காது அறுந்து தொங்கிய ஒருவனின் தலையை என் சால்வையால் கட்டியிருக்கிறேன். கை ஓங்காமல் வட்டையை ஆள முடியாது என்று கடைத்தெருவில் பெருமையாகச் சொல்வேன். ஒவ்வொரு கெடுதிக்கும் ஒரு ஆள் இருக்கிறான் என்ற அந்தப் புத்தியை வயலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

ஜெஸீமா பிறந்தது சூறாவளிக்கு அடுத்த வருடம். உனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இனிப் பிள்ளை இல்லை என்று தொட்டிலைக் கூட விற்றிருந்தோம். மருத்துவிச்சி குழந்தையைக் கையில் எடுத்ததும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பொம்புளப் புள்ள" என்று மட்டும் சொல்லி, குளிப்பாட்டித் தந்துவிட்டு, வெற்றிலைகூடப் போடாமல் போய்விட்டாள். குழந்தையின் கண்கள் ஓரத்தில் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. கழுத்து துவண்டது. நாக்கு உதட்டுக்கு வெளியே வந்து வந்து போயிற்று. பால் குடிக்கத் தொடங்கினால் நாலு மிடறில் களைத்து வேர்த்துப்போவாள். எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுந்து நடந்தபோது நம் பிள்ளை குப்புறப் புரளவே பாடுபட்டாள்.

எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ அருகிலேயே இருந்தாய்.

சூறாவளி அடித்த மாலை உனக்கு மூன்றாம் மாதம். கூரைத் தகரங்கள் கிழிந்து பறந்தன. தென்னைகள் இடுப்பில் முறிந்து விழுந்தன. அறைக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நாம் குந்தியிருந்தோம். வெளியே பசு கதறியது. நீ கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "போகாத புள்ள" என்று கத்தினேன். நீ போய்விட்டாய். கயிற்றை அறுத்துவிட்டு நெற்றியில் இரத்தம் வழியத் தவழ்ந்து வந்தாய். நீ நின்ற இடத்தில் அடுத்த நிமிடம் ஒரு தென்னை விழுந்தது. பிறகு குழந்தை இப்படிப் பிறந்ததும், வழக்கு எனக்கு நொடியில் தீர்ந்துவிட்டது. கர்ப்பத்தோடு காற்றில் ஓடினாய், பிள்ளை கலங்கிவிட்டது. இதை என் கூடப்பிறந்த ராத்தாவிடம் சொன்னேன். கடைத்தெருவில் சொன்னேன். வட்டையில் சொன்னேன். ஊரே உன்னைக் 'காத்துல ஓடினவ' என்றது.

வேறு யாருடைய வழக்காக இருந்தாலும் என் முதல் கேள்வி, மாட்டைக் கட்டியது யார் என்பதாக இருந்திருக்கும். கட்டியது நான். அவிழ்க்க மறந்ததும் நான். அவள் பிறந்து நாலு வருடமும் அந்தக் கேள்வி உன் நாக்கு நுனியில் இருந்திருக்கும். ஒருநாள்கூட நீ கேட்கவில்லை.

அந்த நாலு வருடத்தை நான் வடிவாக எழுத மாட்டேன். ஜெஸீமா சோற்றைத் துப்பினால் உன் கன்னத்தில் அறைந்தேன். கல்யாண வீட்டில் ஒருத்தி அவளைப் பார்த்து முகம் திருப்பினாள் என்பதற்காக, திரும்பி வந்து உன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒருமுறை கேட்டிக்கம்பால், மாட்டுக்கு அடிக்கிற அதே கம்பால், உன் முதுகில் அடித்தேன். உன் கடைவாய்ப் பல் ஒன்று என்னால் போயிற்று. அதை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு நீ அவளுக்குச் சோறு குழைத்தாய். மூத்த மகள்மார் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். ஜெஸீமா மட்டும் நடுவில் தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். யாரைத் தடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது என்று அப்போது நினைத்தேன். நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு நாலு வயதானபோது ராத்தா நோய் பார்க்கும் வெளியூர்ப் பரிசாரி ஒருவனைக் கொண்டுவந்தாள். அவன் குழந்தையின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காத்தோட வந்து வயித்துக்குள்ள பூந்த ஷைத்தான். அடிச்சாத்தான் போகும். தாய் பக்கத்துல இரிக்கப் படா" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டான் என்று ஒரு திருப்தி. உன்னைப் பின்பக்கம் அனுப்பினேன். நீ அரிசி இடிக்கப் போனாய்.

முற்றத்தில் மிளகாய்ப் புகை போட்டான். நான் ஜெஸீமாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் பிரம்பால் உள்ளங்காலில் அடித்தான். முதல் அடிக்கு அவள் சிரிக்கப் பார்த்தாள், விளையாட்டு என்று. இரண்டாவது அடிக்கு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலறினாள். அவன் எண்ணாமல் அடித்தான். கால், முதுகு, தோள். அவள் இருமினாள், மூச்சை இழுத்தாள், உதடு கறுத்தது, நகங்கள் நீலமாயின. "விடாதீங்க விதானையார், அது போகப் போகுது" என்றான். நான் விடவில்லை. அந்தக் கைகளை நான் விடவில்லை என்பதை நீ பார்த்துவிட்டாய் என்பதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

உலக்கைச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பூணின் பளபளப்பைத்தான் கண்டேன். பரிசாரியின் முழங்காலில் ஒன்று விழுந்தது. அவன் சுருண்டான். அடுத்தது என் மணிக்கட்டில். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் உலக்கையை விடாமல் நின்றாய். "இது என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு. ரெண்டு பேரும் வெளிய போங்க!" என்றாய். கையை முறித்த பிறகும் 'போங்க' என்றாயே, அதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ தடவை சிரிக்கப் பார்த்திருக்கிறேன்.

மூச்சு முட்டிய பிள்ளைக்கும் முறிந்த கைக்குமாக ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹயர் கார் பிடித்தோம். நீயும் அவளும் பின்னால், நான் முன்னால். "என்ன விதானையார், கை?" என்று ட்ரைவர் கேட்டான். "வரம்புல வழுக்கி உழுந்துட்டன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் தமிழ் டொக்டர், இளம் வயது. ஜெஸீமாவுக்கு முதலில் மூச்சுக்குக் காற்றுப் பிடித்தார்கள். உதட்டில் நிறம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். துண்டில் வட்டை விதானை என்று இருந்ததைப் படித்துவிட்டு, "எப்படி முறிஞ்சது?" என்று கேட்டார்.

"வரம்புல..." என்று தொடங்கினேன்.

"நான்தான் அடிச்சன். ஒலக்கையால" என்றாய்.

அவர் உன் முகத்தைப் பார்த்தார், நெற்றித் தழும்பைப் பார்த்தார், குழந்தையின் பாதத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. ஜெஸீமாவின் உள்ளங்கையை விரித்து, குறுக்கே ஓடும் ஒற்றை ரேகையைக் காட்டினார். காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்த அகன்ற இடைவெளியைக் காட்டினார். கைகால்களை மடக்கி நீட்டி, தசை எவ்வளவு தளர்வு என்று காட்டினார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "இதயத்தில ஒரு ஓட்டை இருக்கு. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும். இப்பிடிப் பிள்ளையள் கனபேருக்கு இருக்கிறதுதான். இதுக்கு டவுன் சின்ட்ரோம் எண்டு பேர். இரத்தம் சோதிச்சு உறுதிப்படுத்தலாம், ஆனா எனக்குப் பாத்தாலே தெரியுது."

நீ கேட்ட கேள்வி என் காதில் இன்னும் கிடக்கிறது. "நான் சூறாவளியில ஓடினதாலயா டொக்டர்?"

"எத்தினையாம் மாசம் ஓடினீங்க?"

"மூணாம் மாசம்."

"அப்ப காத்து வர முந்தியே இது முடிஞ்ச காரியம். கரு உண்டான அண்டைக்கே." ஒரு துண்டுக் காகிதத்தில் கோடுகள் கீறினார். மனித உடம்பின் ஒவ்வொரு நுண்கலத்திலும் நிறமூர்த்தங்கள் என்ற இழைகள் நாற்பத்தாறு இருக்கும், இருபத்துமூன்று சோடி. தாய் பாதி, தகப்பன் பாதி கொடுக்க வேண்டும். பங்கு பிரிகிறபோது ஒன்று கூடப் போய்விட்டது. இருபத்தோராவது சோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று. "ஓடினதாலயும் வராது, பயந்ததாலயும் வராது. கிரகணம், கண்ணூறு ஒண்டாலயும் வராது."

நான் விடவில்லை. விசாரணைக்காரன் அல்லவா? "அப்ப இவட வயசுதானே டொக்டர்?"

"தாய்க்கு வயசு கூடினா இப்பிடி வர வாய்ப்புக் கூடத்தான். இருபது வயசுத் தாய்க்கும் வரும். சில பேருக்குத் தகப்பன்ர பங்கில இருந்தும் வந்திருக்கும். உங்கட பங்கா இருக்கவும் ஏலும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்கட வட்டையில வரம்பை வெட்ட ஒரு ஆள் இருப்பான், விதானையார். இதை ஆரும் வெட்டல்ல. இது அடிச்சுப் போக்கிற வருத்தமும் இல்ல. பிந்தித்தான் நடப்பா, பிந்தித்தான் கதைப்பா. ஆறுதலாச் சொல்லிக் குடுத்தாப் படிப்பா."

நாலு வருடம் அடிக்கு அழாதவள் நீ. அங்கே, அந்த மரவாங்கில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாய். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு குற்றவாளி அந்த அறையில் இருந்தான் என்றால் அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொரிடோரில் வைத்து நீ ஒரு பேச்சுப் பேசினாய். "நான் அடிச்சத்த ஆருக்கும் சொல்லமாட்டன். வரம்புல உழுந்ததாவே இரிக்கட்டும். ஆனா நான் ஓடினதால இல்ல எண்டு நீங்க சொல்லணும். வட்டைக் கூட்டத்துல, எல்லாருக்கும் முன்னுக்கு." நான் "ஓம்" என்றேன்.

மூன்று மாதம் ராத்தா வீட்டில் கிடந்தேன். பிளாஸ்டரை நாள் முடியுமுன் கோபத்தில் நானே வெட்டி எறிந்தேன். எலும்பு கோணலாக ஒட்டி, மணிக்கட்டில் ஒரு முடிச்சு எழும்பியது. விதைப்புப் போகத் தொடக்கத்து வட்டைக் கூட்டம் வந்தது. எழுந்து நின்றேன். வாய்க்கால் துப்புரவு பற்றிச் சொன்னேன். கட்டாக்காலியாய் அலையும் மாடு பற்றிச் சொன்னேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதை யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும், வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்று ஜெஸீமா "வாப்பா" என்று முதன்முதல் கூப்பிட்ட அன்று, நீ படலையைத் திறந்து விட்டாய். கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று நீ கேட்கவே இல்லை. உன் வாக்கை மட்டும் சாகும்வரை காத்தாய்.

அதன் பிறகு உன்மேல் கை வைக்கவில்லை என்று பெருமை பேச எனக்கு வாய் இல்லை. அந்தக் கையால் ஓங்க முடியவில்லை என்பதும் உண்மை. அவளைக் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஓட்டை தானாகச் சிறுத்துவருகிறது என்றார்கள். ஆறு வயதில் சிறுநடை நடந்தாள். எட்டு வயதில் நீ ஓதக் கொடுத்த பிஸ்மியைத் தப்பாமல் சொன்னாள். இப்போது பத்து. இரண்டு மூத்தவர்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்த பிறகு, இவளுக்கும் இந்த வளவிலேயே ஓர் அறைக்கு அத்திவாரம் போடச் சொன்னாய். "இவள ஆரு கலியாணம் முடிக்கப்போறா?" என்றேன். "முடிச்சாத்தான் ஊடா? என்னப் போல வெளிய போங்க எண்டு சொல்ல அவளுக்கும் ஒரு கதவு வேணும்" என்றாய். சுவர் எழும்பிவிட்டது. கூரை போடுவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று மதியம் முன்கூடம் நிறைய வட்டைக்காரர்கள் இருந்தார்கள். துஆ முடிந்து சஹனில் கை வைக்கப்போகும் நேரம், ராத்தா உள்ளே பெண்களிடம் சொன்னது கூடம் வரை கேட்டது. "பாவம் மவுத்தாப் பெய்த்தா. அண்டைக்கு அந்தக் காத்துல மட்டும் ஓடாட்டி..."

நான் எழுந்தேன். சோற்றுக்கு நீட்டிய கைகள் எல்லாம் நின்றன. "அவ ஓடினதால இல்ல. டொக்டர் அண்டைக்கே சொன்னவர். நான்தான் ஒங்களுக்குச் சொல்லல்ல. மாட்டக் கட்டினவனும் நான். அவட பல்ல ஒடச்சவனும் நான்" என்றேன். இந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். "இது வரம்புல உழுந்து முறிஞ்சதில்ல. இந்தப் புள்ளைய ஒருத்தன் அடிக்க நான் புடிச்சிக்கிட்டு நிண்டன். அவ ஒலக்கையால அடிச்சி முறிச்ச கை."

முன்பொருநாள் காது அறுந்த அந்தக் கிழவன், "நல்லா அடிச்சிரிக்கா" என்றான். உள்ளேயிருந்து மூத்த மகள் விம்மும் சத்தம் வந்தது. ஆறு வருடம் பிந்தி, நீ மையவாடி மண்ணுக்குள் கிடக்கும்போது சொல்லியிருக்கிறேன். உன் காதில் விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

பாங்கு சொல்கிறார்கள். பள்ளி வாசல் வரை தானும் வருவேன் என்று ஜெஸீமா செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தெருவில் நடக்கும்போது அவள் என் விரல்களைப் பிடிப்பதில்லை. மணிக்கட்டு முடிச்சைத்தான் பிடிப்பாள். குட்டையான அந்த விரல்களுக்கு வேறெங்கும் பிடி கிடைப்பதில்லை. நீ முறித்த இடம் அவள் கைக்கு அளவாக இருக்கிறது.