வெற்று என்று எழுதிய பாட்டில்கள்

என் அன்புக்குரியவருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத அசதி. நீங்கள் நாள் முழுக்க கிரேன் கூண்டுக்குள் முடங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர். உங்களிடம் போய் அசதி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் வேறு யாரிடம் சொல்வேன்?

போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். நம் வாயாடி மகள் என் மடியில் ஏறிப் போனைப் பிடுங்குவாள். ரகசியம் பேசக் குளியலறைதான் மிச்சம், அங்கே பேசினால் வீடு முழுக்க எதிரொலிக்கிறது. உங்கள் அறைத் தோழர் விடுமுறை முடிந்து நாளை அங்கே கிளம்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்பலாம். அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வாயாடிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மா என்ன படிக்கிறாங்க என்று டீச்சர் கேட்டதற்கு, சுற்றுச்சூழல் என்று சொல்லப் போய் வெறும் காற்றுதான் வந்ததாம். வகுப்பே சிரித்ததாம், இவளும் சேர்ந்து சிரித்தாளாம். அத்தைக்கு முட்டி வலி குறையவில்லை. படி ஏறாதீங்க என்கிறார் டாக்டர். மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு எப்படி ஏறாமல் இருப்பது? பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் இன்னும் அவர்தான். நான் போகிறேன் என்றால், நீ போய் உன் ஏரியப் பாரும்மா என்கிறார்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தோம். உங்கள் கம்பெனியின் குடும்பக் குடியிருப்புக்கு எத்தனை காலம் வரிசையில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். சன்னலுக்குத் திரைச்சீலைகூட மாட்டிவிட்டீர்கள். நல்ல நிறம். எது என் கட்டில், பாட்டி எங்க படுப்பாங்க என்று வாயாடி ஒரே நச்சரிப்பு.

சுற்றி வளைத்தது போதும். இந்த வருடம் எங்களால் வர முடியாது.

இதோடு மடித்து வைத்துவிடாதீர்கள், மீதியையும் படியுங்கள்.

ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போகும்போதெல்லாம் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில் ஆய்வகத்திலிருந்து கொண்டுபோவேன். கரையில் அதைத் திறந்து, ஏரித் தண்ணீர் பாட்டில்களுக்கு என்னென்ன செய்கிறேனோ அதையெல்லாம் அதற்கும் செய்து, மூடித் திரும்பக் கொண்டுவருவேன். நான் ஏரியில் அளக்கிற பாஸ்பேட் உப்பு அதில் இருக்கக் கூடாது. இருந்தால் அது ஏரியிலிருந்து வந்தது அல்ல, என் கையிலோ பாட்டிலிலோ ஒட்டியிருந்தது என்று அர்த்தம். ஏரியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் என்னைச் சோதித்துக்கொள்கிற பாட்டில் அது. பிளாங்க் என்பார்கள். ஆய்வகத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவதால் பாட்டில்கள் கலந்துவிடும். என்னுடையது தனியாகத் தெரியட்டும் என்று நான் தமிழில் எழுதினேன், வெற்று என்று. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைப்பு.

ஆய்வகத்தின் உறைபெட்டி பழுதாகிவிட்டது. அவரவர் பாட்டிலை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மழைக்காலம் முழுக்கச் சேர்த்த ஏரித் தண்ணீரையும் வெற்றுப் பாட்டில்களையும் நம் வீட்டு ஃபிரிட்ஜில் உறையவைத்தேன். ஒரு நாள் அதில் பனி மண்டிவிட்டது என்று அத்தை ஃபிரிட்ஜை அணைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். நான் களைத்துப்போய் வீட்டுக்கு வந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் பாட்டிலில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

அத்தைக்கு முகமெல்லாம் சந்தோஷம். உன் ஏரித் தண்ணி ஒரு சொட்டு உருகல, பக்கெட்டுல ஐஸ்கட்டி போட்டு அதுக்குள்ள வெச்சேன் என்றார். உண்மைதான், அவற்றைத் தொட்டில் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். வெற்றுன்னு எழுதின வெறும் பாட்டில்ல எல்லாம் ஏன் தண்ணி நிக்குது, பூஞ்சை புடிச்சிடுமேன்னு சோப்புப் பவுடர் போட்டு அலசிக் குடிக்கிற தண்ணி புடிச்சு வெச்சேம்மா என்றார். சோப்புப் பவுடரில் இருப்பதும் பாஸ்பேட்தான். நல்லதாப் போச்சு அத்தை என்று சொல்லி மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தேன். அன்றைக்கு அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆய்வகத்தில் என்னோடு படிக்கிற ஒருவனைத் தாடி என்போம். அவனிடம் மட்டும் சொன்னேன். வெற்றுன்னா சுழியம்தானே அக்கா வரப்போகுது, சுழியத்தப் போட்டுட்டு ஊர் போய்ச் சேருங்க என்றான். மறைக்காமல் சொல்கிறேன், போட்டேன். அட்டவணை முழுக்க வரிசையாகச் சுழியம், பார்க்க அத்தனை அழகு. திரைச்சீலை மாட்டிய வீட்டில் போய் இறங்கிவிட்ட மாதிரியே இருந்தது.

ஏரிக்கு மேற்கே ஒரு சலவைக்கூடம் இருப்பதைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடம். அங்கிருந்து வரும் ஓடையில் பாஸ்பேட் அளவு அனுமதித்த வரம்புக்கு நூலிழை மேலே காட்டுகிறது. நகராட்சியில் என் அறிக்கைக்குத்தான் காத்திருக்கிறார்கள், வந்தால் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த நூலிழை சலவைக்கூடத்தினுடையதா, என் கையிலிருந்த அழுக்கா என்று இப்போது எனக்கே தெரியாது. நான் தண்ணீர் மொள்ளப் போனால் எனக்கு முக்காலி எடுத்துப் போடுகிற பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் என்றால் தைரியமாக எழுதுவேன். தெரியாமல் எழுத எனக்குக் கை வரவில்லை. சுழியத்தையெல்லாம் அழித்துவிட்டு வழிகாட்டி மேடத்திடம் போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், இன்னொரு மழைக்காலம் எடுத்துத்தான் ஆகணும், நீட்டிப்புக்கு இந்த வாரமே எழுதிக் கொடு என்றார். அவ்வளவுதான்.

குடியிருப்பு கையை விட்டுப் போகும், அடுத்த வரிசைக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். தெரியும். மாட்டிய திரையை நீங்களே கழற்ற வேண்டியிருக்கும். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக வருகிறது.

வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் நழுவுவதை அத்தை கவனித்துவிட்டார். கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம், அவளுக்கு என் பையனோட போய் வாழ இஷ்டமில்ல போல இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். படியில் வந்துகொண்டிருந்த என் காதில் விழுந்தது. சுருக்கென்றது. உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? ஆனால் குழந்தை பெத்தவளுக்கு எதுக்கு இப்போ படிப்பு என்று உங்கள் சித்தப்பா கூடம் நிறையப் பேர் முன்னால் கேட்டபோது, அவ தண்ணியப் பத்திப் படிக்கிறா, நீங்க தண்ணி அடிக்கிற ஆளு, உங்களுக்கு எங்க புரியும் என்று வாயை அடைத்தவர் அவர். அந்தப் படிப்பு அவர் கையாலேயே ஒரு வருடம் பின்னால் போய்விட்டது என்று தெரிந்தால் தாங்க மாட்டார். அப்புறம் இந்த வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவக்கூட யோசிப்பார். என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.

ஆகவே ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது, இந்த வருடம் வரவில்லை என்று நானே சொல்வேன். அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி என்னைத் திட்டுங்கள். காரணம் கேட்காதீர்கள். புருஷனைவிடப் படிப்பு பெருசாப் போச்சா என்று கேளுங்கள். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அத்தை காதில் நன்றாக விழட்டும். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

போனை வைத்த பிறகு எனக்கு மட்டும் ஒரு வரி அனுப்புங்கள், திட்டியதில் எவ்வளவு நடிப்பு என்று. முன்பெல்லாம் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். நாம் சேர்ந்திருந்து வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது தெரியவில்லை.

நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
மனைவி