ஏரி உடைந்ததற்குக் காரணம்

5-1-81 திங்கள்

பனி. ஒன்பது மணி வரை ஏரிக்கரை தெரியவில்லை.

பின்னால் இதைப் புரட்டும்போது எனக்கே என்மேல் கோபம் வரக் கூடாது. எழுத்து, சேற்றில் நண்டு நடந்த மாதிரி. மண்வெட்டி பிடித்த கை, அழுத்தியதில் பின்பக்கம் வரை பள்ளம். 'ழ' வளைய மறுக்கிறது. இருந்தாலும் அறுபத்தாறு வயதில் நானே எழுதியது. பொறுத்துக்கொள்ள வேண்டியது.

மாலை, முதியோர் வகுப்பு. நான் எழுதிய நாலு பக்கத்தை டீச்சர் உரக்கப் படித்தார். 'எங்கள் ஏரி உடைந்த இரவு.' நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் ஒரு வரியில் கோடு போட்டார்.

"'காவல்காரன் மருதமுத்து தூங்கியதால் கரை உடைந்தது.' நீங்க பாத்தீங்களா ஐயா?"

"ஊருக்கே தெரியும் டீச்சர்."

"ஊருக்கு யாரு சொன்னா? இது உங்க நினைவு. ஏன் உடைஞ்சுதுன்னு நாலு பேரக் கேட்டு, எடத்தப் பாத்து, அலசி எழுதுங்க. அப்பத்தான் ஆராய்ச்சிக் கட்டுரை. பொங்கல் கழிச்சு விழாவுல ஊருக்கு முன்னாடி நீங்களே படிக்கலாம்."

நான்! ஊருக்கு முன்னால்!

7-1 புதன்

செய்ய வேண்டியவை:
ஆட்களைக் கேட்பது.
ஏரியைப் பார்ப்பது.
மாட்டுக்குத் தவிடு (வீட்டுக்காரி அஞ்சலை இரண்டு முறை சொல்லிவிட்டாள்).
ழ.

முதலில் பாப்பாத்தி அக்கா. ஏரி உடைந்த அன்று நடவு முழுகி அழுதவள்.

"மருதமுத்து தூங்குனது உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஒன் மச்சான் சின்னசாமி சொன்னான்."

சின்னசாமி மாடு கழுவிக்கொண்டிருந்தான். அவனிடமும் அதே கேள்வி.

"என்னய்யா வெளையாடுற? நீதான சொன்ன! விடியக்காலம் கோயில் வாசல்ல நின்னு, 'காவக்காரன் தூங்கிட்டான், கரை போயிருச்சு'ன்னு கத்துனியே."

நோட்டில் எழுதினேன்: தகவல் சொன்னவர், நல்லதம்பி. அதாவது நான்.

தவிடு மறந்துபோனது.

8-1 வியாழன்

கலிங்குக்குப் போனேன். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழியும் இடம். குத்துக்கற்கள் அப்படியே வரிசையாக நிற்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் அந்த இடுக்குகளில் புல்லோடு மண்கட்டியாகப் புல்கரணை வெட்டி அடைப்போம். ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும். மறுபடி பெருமழை பிடித்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வழிய இடமில்லாமல் கரைமேல் ஏறும்.

அந்த வருடம் அடைத்தது, பிடுங்க வேண்டியது: என் முறை.

மார்கழியில் மழை வந்தது. என் வயல் கடைசி வயல், ஏரியில் தண்ணீர் குறைந்தால் எட்டாது. அந்த ஒரு சாண் இருக்கட்டும், விடிந்து பிடுங்கலாம் என்று படுத்துவிட்டேன்.

தூங்கியது யார் என்று இன்று கல்மேல் உட்கார்ந்து யோசித்தேன். பதில் தெரிந்தும் யோசித்தேன்.

மருதமுத்துவுக்குக் காவல் வேலை போனது. ஊரைவிட்டுப் போனான். குரும்பலூரில் மகள் வீட்டில் இருக்கிறான்.

9-1 வெள்ளி

எழுத வரவில்லை.

"என்ன, கை நின்னுருச்சு?" என்றாள் அஞ்சலை. எல்லாம் சொன்னேன். சொளகில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எழுத்தக் கத்துக்கிட்டு வசமா மாட்டிக்கிட்டீங்களா? ஊருக்குப் படிக்கிறதுக்கு முன்னாடி அந்த மனுசன்கிட்ட படிச்சுக் காட்டிட்டு வாங்க."

கோடு போட்ட வரியை அடித்தேன். 'கலிங்கை நல்லதம்பி திறக்காததால் கரை உடைந்தது.' ஒரு வரிக்கு அரை மணி நேரம். இவ்வளவு அழகாக 'ழ' இல்லாத வரி இதுவரை நான் எழுதியதில்லை.

11-1 ஞாயிறு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். உரக்கடை, சைக்கிள் கடை, 'எச்சில் துப்பாதீர்', எல்லாப் பலகையும் படித்தேன். நின்று படித்ததில் குரும்பலூர் பஸ் போய்விட்டது. வருத்தமில்லை. இன்னொரு சுவர் பாக்கி இருந்தது.

மருதமுத்து கட்டிலில் உட்கார்ந்து பல்லில்லாமல் முறுக்கை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான். டீச்சர் சொன்னதைச் சொல்லிவிட்டு, கட்டுரையை விரல் வைத்துப் படித்தேன். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். இரண்டாம் முறை படிக்கச் சொன்னான். படித்தேன்.



"தூங்கலடா மச்சான்" என்றான். "கரைமேல நின்னு உன் பேரச் சொல்லித்தான் கத்திக்கிட்டுக் கெடந்தேன். மழைல ஒனக்குக் கேக்கல. காலைல சொன்னேன், ஊருக்குக் கேக்கல."

"தப்புதான் மச்சான். ஊருக்கு முன்னாடி இத அப்படியே படிக்கிறேன்."

"நீ படிச்சா பத்துமா? நான் சொல்றதையும் எழுது. மழை எப்பப் புடிச்சுது, தண்ணி எந்தப் பக்கம் ஏறுச்சு, எல்லாம் சொல்றேன். நாலு பேரக் கேக்கச் சொன்னாங்கல்ல ஒங்க டீச்சர்? என்னைய ஏன்டா கேக்கல?"

உண்மை. எனக்கு அது தோன்றவே இல்லை.

நோட்டை எடுத்தேன். முறுக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"இன்னிக்கு வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம வெள்ளன வா. மத்தியானம் ஆச்சுன்னா நான் தூங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ். அவன் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பலகை ஒன்றையும் படிக்கக் கூடாது.