முப்பத்தொன்றாம் எண் கிண்ணம்

அக்டோபர் 19, சான்யா

சந்தையில் மீன் சரியில்லை. கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இந்த ஊரில் கடலையும் வெயிலையும் விட்டால் என்ன இருக்கிறது? மகளோடு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அக்டோபர் மாதத்திலும் முதுகில் வியர்வை வழிவது எனக்கு இன்னும் பழகவில்லை.

தோங் குவாங்ஹாய் இன்று கேட்டே விட்டார். நீந்திவிட்டு வந்த ஈரம் காயாமல், துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கடற்கரையில் என் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பெய்ரோங், எனக்கு அறுபத்தஞ்சு. உங்களுக்கு அறுபது. சுத்தி வளைக்கற வயசு இல்ல. சேந்து இருக்கலாமா? வேணாம்னா சொல்லிடுங்க, ஹார்பின்ல அக்கா வீட்டுக்கே போயிடறேன். தினம் உங்களைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க என்னால ஆகாது."

இரண்டு வருடமாகத் தெரிந்தவர். ஹார்பினில் கொதிகலன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒன்பது வருடம். நாள் முழுக்கச் சிரிக்க வைப்பார், தன்னைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

நான் சொன்ன பதில்: "எங்க ஊரை வந்து பாருங்க. ஷியானைப் பாத்துட்டு அப்புறமும் கேக்கணும்னு தோணினா கேளுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியும். அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் சாங்கெங் நிற்பார். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்த மனிதர். அதைப் பார்த்தால் தோங் தானாகவே விலகிக்கொள்வார், நான் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்காது. கோழைத்தனம், வேறென்ன.

அக்டோபர் 20

மகள் யாவிடம் சொன்னேன். "அம்மா, ஊர் சுத்தப் போறியா, பதில் சொல்லப் போறியா?" என்றாள். பெற்ற பெண் இப்படியா கேட்பாள்!

அக்டோபர் 27

நவம்பர் ஒன்பதாம் தேதிக்கு, ஷியானிலிருந்து திரும்ப, தோங் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார். ஒன்று என்னோடு சான்யாவுக்கு விமானம். இன்னொன்று ஹார்பினுக்கு ரயில்.

"எதை வெச்சுக்கறதுன்னு நீங்க சொல்லுங்க கண்டக்டரம்மா. டிக்கெட் பாக்கறதுதானே உங்க வேலை?"

இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன் என்று இவரிடம் எந்த நேரத்தில் சொன்னேனோ.

நவம்பர் 4, ஷியான்

குளிர்! விமானத்தை விட்டு இறங்கியதும் மூக்கு நுனி சில்லென்றது. அழுகையே வந்துவிட்டது. தோங் பார்க்காத மாதிரி பெட்டிகளை எண்ணினார். இருந்ததே இரண்டு பெட்டி.

தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் விடுதி. ஜன்னலைத் திறந்தால் கோட்டைச் சுவர். என் பஸ் இந்த வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போகும். "தெற்கு வாசல்! இறங்கறவங்க முன்னால வாங்க! குடையை மடக்குங்க!" தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது, நிறுத்தங்கள்தான் பேர் மாறிவிட்டன. மாலையில் பஸ்ஸில் போனபோது ஒலிபெருக்கியில் ஒரு சின்னப் பெண் குரல் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டு வந்தது. என்னமோ தாலாட்டுகிற மாதிரி. இப்படிச் சொன்னால் எவன் இறங்குவான்?

சாங்கெங்கை முதலில் பார்த்ததும் அந்த பஸ்ஸில்தான். நெசவாலை மெக்கானிக். தறியின் இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஒரு கிழவரின் தொப்பியைத் தட்டிவிட்டார். நான் போட்ட கூச்சலில் டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டார். மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினார், வெறுங்கையோடு. "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, பாருங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நவம்பர் 5

கோட்டைச் சுவர் மேல் சைக்கிள். இருவர் மிதிக்கும் சைக்கிள் எடுக்கலாம் என்றார் தோங். முடியாது, தனித்தனி என்றேன். சுவர் மேல் கல் பாவிய பாதை, எலும்பெல்லாம் கழன்று போகிறது. பாதி சுற்றியதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "கடல்ல கல்லு கிடையாதே!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கீழே அகழி இப்போது பூங்கா. என் காலத்தில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்துவோம். நானும் சாங்கெங்கும் கல்யாணம் பேசியது அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில்தான், வேறு இடத்தில் நின்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று. தோங்கிடம் இடத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தார், தலையாட்டினார். முகம் கொஞ்சம்கூடச் சுருங்கவில்லை. என் திட்டம் பலிக்கவில்லை.

மாலையில் மணிக்கோபுரம் பக்கம் எங்கே பார்த்தாலும் தாங் அரச காலத்து உடையில் பெண்கள், நெற்றியில் பூ, கையில் விசிறி, காலில் விளையாட்டு ஷூ. "நீங்களும் ஒண்ணு வாடகைக்கு எடுங்களேன்" என்றார். "பஸ் ஓட ஆரம்பிச்ச அப்புறம் பொறந்தவ நான்" என்று சொல்லிவிட்டுப் பொரித்த சீத்தாப்பழ அப்பம்— இல்லை, என்ன எழுதுகிறேன், எங்கள் ஊர்ப் பெர்சிமன் பழ அப்பம் வாங்கித் தின்றேன். சான்யா பழங்கள் மூளைக்குள் ஏறிவிட்டன. சூடு. நாக்கு வெந்துவிட்டது. அதே ருசி.

நவம்பர் 6

மானம் போன நாள்.

வேறு எங்கேயும் கூட்டிப் போயிருக்கலாம். நானாகத்தான் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால், அந்தப் பழைய ஆட்டிறைச்சி சூப் கடைக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரில் அந்த சூப்பை யாரும் சும்மா கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். முதலில் காலிக் கிண்ணமும் கல் மாதிரி இரண்டு ரொட்டியும் தருவார்கள். சாப்பிடுகிறவரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும். தேனீத் தலை அளவு என்பார்கள். பிறகு கிண்ணத்தில் எண் வில்லையைச் செருகி, அதே எண்ணில் இன்னொன்றை நம்மிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு எடுத்துப் போவார்கள். பிய்த்ததைப் பார்த்துத்தான் சமையல்காரர் சூப்பை விடுவார்.

எனக்குப் பிய்க்கத் தெரியாது.

எழுதிவிட்டேன். ஷியானில் பிறந்து, ஐம்பத்து நான்கு வருடம் இருந்து, எனக்கு ரொட்டி பிய்க்கத் தெரியாது. சாங்கெங்தான் இரண்டு கிண்ணத்துக்கும் பிய்ப்பார். ஒன்றேகால் மணி நேரம். மற்ற நேரத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கிற மனிதர், விரல் ரொட்டியில் பட்டதும் பேச ஆரம்பிப்பார். யாவுக்குப் பெயர் வைத்தது, ஆலையை மூடுகிறார்கள் என்று சொன்னது, கடைசியில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னதுகூட ரொட்டி பிய்க்கும்போதுதான். ஒருநாள் எனக்குப் பசி. "மெஷின்ல வெட்டினது தருவாங்களே, அதை வாங்கிக்கலாமே" என்றேன். அவர் நிமிரவே இல்லை. "அப்புறம் எப்ப பேசறது?" என்றார்.

அவர் போன பிறகு அந்த சூப்பை நான் தொட்டதில்லை.

தோங் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எப்படிப் பிக்கணும், காட்டுங்க" என்றார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, "இதுல என்ன இருக்கு, பிய்ங்க" என்றேன். இருவரும் பேசாமல் பிய்த்தோம். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம். வில்லை எனக்கு முப்பத்தொன்று, அவருக்கு முப்பத்திரண்டு.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட கடைக்காரப் பெண் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். கடை முழுக்கக் கேட்கிற குரல். "இது யாரோட கிண்ணம்? சமையக்காரர் கேக்கறாரு, இது திங்கறதுக்கா, கோட்டைச் சுவரை ரிப்பேர் பண்றதுக்கா? எந்த ஊர் ஆளுங்க? முப்பத்தொண்ணு யாரு?"

எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. என் வில்லை தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. கை அதைத் தேடுவதற்குள் அது அங்கே இல்லை.

"நான்தாம்மா" என்றார் தோங், என் வில்லையைத் தூக்கிக் காட்டி. "ஹார்பின்காரன். எங்க ஊர்ல ரொட்டியைக் கடிச்சுத்தான் சாப்பிடுவோம். மன்னிச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் என்னிடம் திரும்பி, "உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுங்கக்கா" என்றார். தோங் அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் ரொட்டியை, நான் பிய்த்த செங்கற்களை, ஒவ்வொன்றாக உடைத்தார். பெரிய விரல்கள். நேரமாயிற்று.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "யாரு உங்களைக் கேட்டது?" என்று எரிந்து விழுந்தேன். எதற்கு இவ்வளவு கோபம்? வேறு ஒரு கை என் கிண்ணத்துக்குள் போய்விட்டது, அதற்கா? இல்லை, போனதும் எனக்குப் பிடித்திருந்தது, அதற்கா?

நவம்பர் 7

களிமண் வீரர்களைப் பார்க்கப் போனோம். உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் கூட்டிப் போய் பதினோரு தடவை பார்த்தாயிற்று. ஒரு தடவைகூட வீரர்களைப் பார்த்ததில்லை, விருந்தாளி தொலைந்துவிடக் கூடாதே என்று விருந்தாளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றும் அப்படித்தான். கூட்டத்தில் தோங்கின் சாம்பல் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முப்பது வருடம் அவர்தான் பிய்த்தார், பிய்க்கிற நேரம்தான் எங்களுக்குப் பேசுகிற நேரம், நான் ஒரு துண்டுகூடப் பிய்த்ததில்லை. 'அப்புறம் எப்ப பேசறது?' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் சாங்கெங்குக்கும் உள்ளது.

தோங் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் போட்டி போடக் கூடாது" என்றார். "அவர் இடத்துல உக்காந்து உங்களுக்குப் பிச்சுக் குடுத்தா அது நல்லா இருக்காது."

ஹார்பின் ரயில் நாளை மறுநாள் காலை பத்து பத்துக்கு.

நவம்பர் 8

காலையில் நானே அவர் கதவைத் தட்டினேன். "தொப்பியை எடுங்க, சூப் குடிக்கப் போறோம்" என்றேன். அதே கடை, அதே பெண். எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு கிண்ணத்தையும் என் பக்கம் இழுத்தேன். பிறகு ஒன்றைத் தோங்கிடம் தள்ளினேன். "இது என்னோடது, நீங்க பிய்ங்க. உங்களோடதை நான் பிய்க்கறேன். சின்னதா. சும்மா பிய்க்கக் கூடாது, பேசணும்."

"என்னத்தைப் பேச?"

"இத்தனை நாள் வாயைத் திறக்காம இருக்கீங்களே, அதை."

அரை ரொட்டியைப் பிய்த்து முடித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிப்ரவரி மாதம். மைனஸ் முப்பது. குடியிருப்பு முழுக்கச் சூடேற்ற வெந்நீர் அனுப்புகிற கொதிகலனில் கசிவு. அவர் உள்ளே இருக்கிறார். மனைவி யாச்சின் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். போன் சட்டைப் பையில் அதிர்வது தெரிகிறது.

"கையுறையைக் கழட்டல" என்றார். "கழட்டினா திரும்பப் போட ரெண்டு நிமிஷம் ஆகும். வீட்டுக்குப் போனா சமையலறையில கிடக்கறா. நெஞ்சு வலி. மாவு பிசைஞ்ச கை. ஒன்பது வருஷமா நான் கையுறை போடறதில்ல. அதான் குளிரே இல்லாத ஊர்ல வந்து கிடக்கறேன்."

இந்த மனிதர் ஹார்பினுக்குத் திரும்பிப் போவேன் என்றாரே. எந்தக் குளிருக்குத் திரும்பிப் போவேன் என்றார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மனுஷா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிய்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் நகம் உடைந்துவிட்டது.

ஒன்றரை மணி நேரம். அந்தப் பெண் வந்து இரண்டு கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு வில்லையைச் செருகி எடுத்துக்கொண்டு போனாள். கிண்ணம் திரும்பி வரவில்லை, சூப்தான் வந்தது.

தோங் கரண்டியை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "கண்டக்டரம்மா, டிக்கெட்?"

"மொதல்ல சாப்பிடுங்க. ஆறிடும்."

நவம்பர் 9

ஜன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு, விமானம் மேலே ஏறுவதற்குள் தூங்கிப்போனார். குறட்டை வேறு.

பிப்ரவரி 12, சான்யா

ஷியானிலிருந்து ரொட்டி பார்சலில் வந்தது. பன்னிரண்டு. பிரித்ததும் வீடெல்லாம் அந்த வாசனை.

இன்று யாச்சினின் நினைவு நாள். தோங் காலையிலிருந்து கடலுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் கிண்ணங்களை வைத்தேன். அவர் என்னுடையதை எடுத்துக்கொண்டார், நான் அவருடையதை. அவர் யாச்சினைப் பற்றிச் சொன்னார், மாவில் எப்போதும் உப்பை மறந்துவிடுவாளாம். நான் சாங்கெங்கையும் தறிச் சட்டத்தையும் பற்றிச் சொன்னேன். ஏற்கெனவே கேட்ட கதைதான், இருந்தாலும் கேட்டார்.

யாவ் வேலை முடிந்து வந்தாள். பசி அவளுக்கு. "இன்னும் பாதிகூட ஆகலையா? கத்தரிக்கோல் கொண்டு வரேன், அஞ்சு நிமிஷத்துல வெட்டிடலாம்" என்று எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

தோங் நிமிரவே இல்லை. "அப்புறம் எப்பம்மா பேசறது?" என்றார்.

நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. சத்தியமாகச் சொன்னதில்லை.

யாவ் என்னைப் பார்த்தாள். அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கும் தெரியும், அந்த சூப் கடை மேசையில் வளர்ந்தவள். கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள்.