இடப்பக்கக் கண்ணாடி

கோட்டையூர்
செப்டம்பர் 1995

அன்பு மகன் சகாயத்துக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் தங்கச்சி பெல்சியும் சுகம். நீ புனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நம் அம்பாசிடருக்கு இடப்பக்கமும் கண்ணாடி மாட்டலாமா என்று கேட்டதற்கு, வலப்பக்கம் ஒன்றும் உள்ளே ஒன்றும் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். நீ மெக்கானிக், சரியாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அப்பாவுக்கு இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது சகாயம். சர்க்கரையால் வந்தது, இனித் திரும்பாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தால் யாரும் பிள்ளைகளை நம் வண்டியில் பள்ளத்தூர் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளோடுதான் பெல்சியும் போகிறாள். உள்கண்ணாடியில் என்ன தெரிகிறது என்கிறாய், வேளாங்கண்ணி போய்வந்து பின்கண்ணாடி முழுக்க ஒட்டினாரே மாதா படம், அதன் முதுகுதான் தெரிகிறது. அதைக் கிழிக்க அவருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் கை வரவில்லை. இடப்பக்கக் கண்ணாடி, வைக்கோல் வண்டி உரசுகிறது என்று கழற்றியதிலிருந்து டிக்கியில் கிடக்கிறது. யாருக்காக மறைக்கிறீக, எடுத்து மாட்டுங்க என்று அழுதேன். "இத்தன வருசமா இல்லாதத இப்ப மாட்டுனா, என்னாச்சு சோசப்புக்குன்னு ஊரு கேக்காதாடி?" என்கிறார்.

போன வாரம் வளைவில் அப்பா, இடப்பக்கம் வந்த ஏகப்பனின் சைக்கிளைத் தட்டிவிட்டார். முட்டிச் சிராய்ப்போடு போயிற்று. "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று ஏகப்பன் கத்த, அப்பா சிரித்து மழுப்பியிருக்கிறார். இதைப் பெல்சிதான் வந்து சொன்னாள். மறுநாளே என் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து, ஆடு வருது, சைக்கிள் வருது என்று சொல்லிக்கொண்டே போய்வருகிறேன். "எங் கண்ணாடி வாயத் தொறந்து பேசுது பாருங்கடா" என்று அப்பா கேலி செய்ய, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் சாலையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

வண்டி ஓட்டவே வேண்டாம் என்று நீ சொல்லப்பா, கேட்காவிட்டால் படத்தை எடுத்துவிட்டு டிக்கியில் கிடக்கும் கண்ணாடியை மாட்டவாவது சொல். நான் சொன்னேன் என்றே சொல், சத்தியத்தை மீறியதற்குத் திட்டினால் திட்டட்டும்.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பதில் எழுதாதே, எதிர்வீட்டு அகிலாண்டேஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொல். அடுத்த வாரத்தோடு என் லீவு முடிகிறது. விவரம் அறியாத பெல்சி, "நீங்க வேலைக்குப் போங்கம்மா, நான் அந்தச் சீட்டுல ஒக்காந்து சொல்றேன்" என்கிறாள். அவள் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் சாலையே தெரியாது.

உன் அம்மா,
அருளம்மாள்