சொடக்குத் தக்காளிக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று காலை துணி உலர்த்தப் பின்பக்கம் போனபோது செருப்புக்கு அடியில் ‘டப்’பென்று ஏதோ உடைந்தது. குனிந்து பார்த்தேன். சொடக்குத் தக்காளி. பாதி காய்ந்த உறை நசுங்கி, உள்ளே இருந்த சின்னப் பழம் செருப்பில் ஒட்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. நீ உடைத்துப் பழக்கிய நெற்றி.

இறந்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புவதில்லை. உனக்குத் தெரியும். உன் திதிக்கு உன் அண்ணன் மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தபோதுகூட நான் அடுப்படியில்தான் இருந்தேன். ஆனாலும் நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் தப்பிக்க நீயும்தான் எனக்கு உதவி செய்தாய். அதனால் எழுதுகிறேன்.

புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பெட்டியோடு நீ ஆம்பூருக்குத் திரும்பி வந்தபோது, நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நீ ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வரிசையில் சேர்ந்தாய். நான் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் கம்பெனி வேன் உன்னை ஏற்றிப் போகும். மாலையில் பசை வாடையோடு இறங்குவாய். முதல் இரண்டு வருஷம் நமக்குள் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன் அண்ணி’ என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

பேச வைத்தது இந்தச் செடிதான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்ததைப் பிடுங்கி எறியப் போனேன். நீ ஓடி வந்து தடுத்தாய். பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி, அதையும் அதன் குட்டிகளையும் பெயர்த்து வைத்தாய். மொத்தம் ஆறு வாளி.

நம் தெருவில் தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீர் எப்போதும் வரும்; உப்பு. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒரு முறை தெருக்குழாயில் வரும். அதைத்தான் நீல டிரம்மில் பிடித்து வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று செலவழிப்போம். புதிதாகப் பிடித்த தண்ணீரை இங்கே யாரும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குடத்தை இடுப்பில் ஏற்றுவார்கள்.

நீ அந்த டிரம்மில் மொண்டு செடிக்கு ஊற்றினாய்.

“குடிக்கிற தண்ணிய களைக்கு ஊத்துறியே, நியாயமா?” என்றேன்.

“என் பங்குல இருந்துதான அண்ணி ஊத்துறேன்? நான் உப்புத் தண்ணில குளிச்சிக்கிறேன். இதுங்க பாவம், சின்னதுங்க. தாங்காது.”

“செடிக்குப் போய் பாவம் பாக்கிறாளாம்.”

“உங்களுக்கும் ஒரு பழம் தர்றேன், பேஜார் பண்ணாதீங்க.”

சொன்னபடியே தந்தாய். ஆனால் முதலில் ஒரு பச்சைக் காயைக் காம்போடு கிள்ளி என் நெற்றியில் ஓங்கிச் சொடுக்கினாய். நான் பதறியதைப் பார்த்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தாய். “இன்னா சத்தம்! எங்க சூப்பர்வைசர் நெத்தியிலகூட இவ்ளோ வர்ல.” உள்ளே படிப்பு இருக்கிறது, அதனால்தான் என்றேன். “உள்ள காலியா இருந்தாதான் அண்ணி சத்தம் ஜாஸ்தி வரும்” என்றாய். என்னை அப்படிக் கேலி செய்த ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து வேலூரில் ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். நல்ல வெயில் காலம். வேலூருக்குக் கிளம்பிய அன்று, வண்டியில் ஏறும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். என்னவோ சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். “காலைல ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு. நல்ல தண்ணி அண்ணி” என்றாய். அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் அப்படியே ஊற்றினேன். பிறகு விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. ஆறு வாளிக்கும் சொம்பு சொம்பாக மொண்டு நடக்க அலுப்பாக இருந்தது. களைதானே, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்று போர் குழாயில் பைப்பை மாட்டி அடித்துவிட்டேன். தினமும் அடித்தேன். டிரம்மில் நல்ல தண்ணீர் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த உன் அண்ணன் போனில் நீ தினமும் கேட்பாய். “செடிக்கு ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன்.”

“நல்ல தண்ணிதான?”

“ஆமாம்மா.”

“காய்ச்சிருக்கா?”

“நெறைய.”

“பக்கத்து பெட் அக்காவுக்குத் தர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். கீழ விழுந்தத மட்டும் எடுங்க. பறிக்காதீங்க, கசக்கும்.”

அதற்குள் இலை விளிம்புகள் கருகத் தொடங்கியிருந்தன. மண்மேல் வெள்ளை பூத்திருந்தது. அது என்ன என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதி விளக்குகிறவள் நான். அன்றிலிருந்து நல்ல தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். பிழைக்கவில்லை. நீ வருவதற்கு முந்தின நாள் ஆறு செடிகளையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம்தான் நடந்தாய். “காய்ச்சு முடிஞ்சிடுச்சு, அதான் பிடுங்கிட்டேன்” என்றேன். நீ மெதுவாகக் கல்லில் உட்கார்ந்தாய். வாளி விளிம்பில் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாய். நாக்கில் வைத்தாய். துப்பினாய்.

நான் சொல்லியிருக்கலாம். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைத் தடவிக்கொண்டே, “நல்லா காய்ச்சிருக்கும். இந்த வருசம் வெயில் ஜாஸ்தி இல்ல அண்ணி? அதான் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு” என்றாய். குக்கர் விசில் அடித்தது. அதைச் சாக்காக வைத்து உள்ளே போய்விட்டேன்.

மழைக்காலத்தில் உன்னால் எதையும் தூக்க முடியவில்லை. மாடிக் குழாயிலிருந்து மழைநீர் கொட்டும் இடத்தில் அந்த வாளிகளை ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னாய். உப்பு இறங்கட்டும் என்று நீ சொல்லவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. நனைந்துகொண்டே ஆறையும் நகர்த்தி வைத்தேன். நீ வாசற்படியிலிருந்து, “போதும், உள்ள வாங்க அண்ணி, சளி புடிக்கும்” என்று கத்திக்கொண்டே இருந்தாய். பொங்கலுக்குள் நீ போய்விட்டாய்.

இப்போது கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் செடியை நான் விதைக்கவில்லை. பழைய விதை மண்ணில் கிடந்திருக்கும். பறவை எச்சத்தில் வந்திருந்தாலும் இருக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நீ அனுப்பினாய் என்று உன் அண்ணன் சொல்கிறார். நான் வாதாடவில்லை.

நான் ஊற்றியது உப்புத் தண்ணீர். உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என் வாயால் கேட்க உனக்கு உரிமை இருந்தது.

காலையில் ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு. என் பங்கிலிருந்துதான். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள். வயசாகிறது, வேறென்ன என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகிறேன்.