ஓர்லா இருப்பது யார் வீட்டில்

அன்பு மகள் ஓர்லாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மாடுகளும் அப்படியே. மெல்போர்னில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, வைக்கோல் பாதி வயலிலேயே கிடக்கிறது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, உன் அம்மாவின் முழங்கால் வலி வானிலை அறிக்கையைவிடச் சரியாக மழையைச் சொல்கிறது. நாய் புதிய பாதிரியாரைக் கடிக்கப் பார்த்தது, கடிக்கவில்லை, நான்தான் அதைத் திரும்பக் கூப்பிடக் கொஞ்சம் தாமதித்தேன்.

நான் எழுத வந்த விஷயம் வேறு. நம் ஊரில் கேள்வி கேட்கிற அழகு உனக்குத் தெரியாததா. மாட்டை விற்றாயா என்று ஒருத்தனும் நேராகக் கேட்க மாட்டான், வித்தது எந்த மாட்டைன்னுதான் கேட்பான். விற்கவே இல்லையே என்று நீ பதறினால் அது ஒரு சேதி, இன்ன மாடு என்றால் அது இன்னொரு சேதி, எப்படியும் அவன் வெறுங்கையோடு போக மாட்டான். பதில் சொல்கிறவனும் லேசுப்பட்டவனா என்ன, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இங்கே கால்சட்டை இல்லாமல் கோயிலுக்குப் போகிற மாதிரி. இந்த வயது வரைக்கும் நானும் அப்படிச் சொன்னதில்லை, என் அப்பாவும் சொன்னதில்லை.

போன வாரம் நோனி கடைக்குத் தேயிலை வாங்கப் போனேன். அவள் தங்கை மகன் மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் யோசிக்கவில்லை. அவள் பொட்டலம் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஓர்லா இப்போ இருக்கறது யார் வீட்டுல, கோல்மன்?" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யார் வீட்டில் என்றால் என்ன அர்த்தம், உனக்குத்தான் கட்டினவன் டோனலோடு ஒரு வீடு இருக்கிறதே. ஆனால் வாய் சும்மா இருக்குமா, எல்லாம் தெரிஞ்சவங்க வீட்டுலதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தேயிலையை அங்கேயே வைத்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போது மார்ட்டி வந்து, அவ கிளம்பினது ஈஸ்டருக்கு முன்னாடியா பின்னாடியா என்றான். முன்னாடி என்று அடித்துவிட்டேன். அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன் என்றான் பாவி. வேலைக்குப் போறது அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கேதானா என்றான், அதேதான் என்றேன். இப்படி ஆளாளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் என் மகளின் கதையைப் படித்துக்கொண்டேன், மகளே. சிரிப்பதா அழுவதா என்று இருந்தது. இதெல்லாம் எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று ஊரே நினைக்கிறது, அதை யாரிடம் போய்க் கேட்பேன்.

கடைசியில் அந்த வித்தையை உன் அம்மாவிடமே காட்டினேன். ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டால் எதை என்பாள், அவளை எனக்குத் தெரியாதா, அதனால் சாதாரணமாக, ஓர்லா கடுதாசி போட்டது எப்போன்னு சொன்னே என்றேன். "தவக்காலத்துல வந்ததைக் கேக்கறியா, போன மாசம் வந்ததையா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாயாம், நடுவில் மாட்டிக்கொண்டு தான் என்ன செய்ய முடியும் என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். ஏன் கிளம்பினாய் என்று அவளுக்கும் நீ சொல்லவில்லையாம், வெளியே வந்துவிட்டேன், தோழி வீட்டில் இருக்கிறேன், அவ்வளவுதானாம். உறைமேல் இருக்கிற விலாசம் அவள் கொடுத்தது, அவளைக் கோபிக்காதே.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். டோனலின் அப்பாவும் நானும் சீட்டு விளையாடுகிற கூட்டாளிகள், அதனால் நான் அந்தப் பக்கம் சாய்வேன் என்று நினைத்தாயா? அடி அசடே, சீட்டு எங்கே, நீ எங்கே.

ஆனால் ஒன்று என்னைக் குடைகிறது. ஊரில் இத்தனை பேர் இத்தனை விதமாகக் கேட்டார்கள், டோனலின் அப்பா டாம் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு வாரமாகச் சீட்டுக்கு வரவில்லை. நேற்றுப் பூசை முடிந்து வாசலில் நேருக்கு நேர் வந்துவிட்டான், தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான், மழையைப் பற்றிச் சொன்னான், போய்விட்டான். தெரியாதவன் இங்கே கேட்காமல் இருக்க மாட்டான், ஓர்லா. அவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது, என் முகத்தைப் பார்க்க முடியாத ஏதோ ஒன்று.

ஊர் வழக்கப்படி என்றால், டோனல் உன்னை அடிக்க ஆரம்பித்தது எப்போது என்று நான் எழுத வேண்டும், அப்போதுதான் நீ தப்பிக்க முடியாது. எழுதவும் பார்த்தேன். கை வரவில்லை. அப்படிக் கேட்டால் அது நடந்தே தீர்ந்ததாக ஆகிவிடுகிறது, அதை என் கையால் எழுத என்னால் முடியாது. அதனால் நேராகக் கேட்கிறேன், நம் ஆட்களில் யாரும் கேட்காத மாதிரி. டோனல் உன்மேல் கை வைத்தானா? எனக்குத் தெரியாது, ஓர்லா. எனக்கு ஒன்றுமே தெரியாது.

இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி போதும், மற்றது உன் சொந்த விஷயம், நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆமாம் என்றால் எதையும் விளக்க வேண்டாம். நீ வருகிறாயா, நான் வரட்டுமா என்று மட்டும் சொல். விமானத்தில் நான் ஏறினதில்லை, அதனால் என்ன, ஏறிக்கொள்வேன்.

கடவுளும் அவருடைய தாயாரும் உன் படுக்கையருகே காவல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்தால் தனியாக நடந்து போகாதே. பதில் கடிதத்தை மட்டும் மறக்காமல் என் பேருக்கே போடு, உன் அம்மா பேருக்கு வேண்டாம்.

உன் அப்பா,
கோல்மன்